ராக்காயி எடுக்கிற பெரட்டு

“பெரியசாமி!”

“இருக்கான்க்கா.”

“காத்தான்!”

“இருக்கான்.”

“வீரன்! டேய் வீரா! இதென்னடா, கன்னிப் போயிருக்க? டிரஸ்ஸரையா, இங்க வந்து பாருங்க. வீரனுக்கு இன்னிக்கு வேலை இல்ல லா. மேல தூக்கி வச்சிருங்க.”

காலை ஆறு மணிக்கு மலாயாவின் ஒரு ரப்பர் தோட்டத்து ஆஸ்பத்திரியில், ஆண்கள் வார்டின் கடைசிக் கட்டிலருகே நின்று ராக்காயி பெரட்டு எடுத்துக்கொண்டிருந்தாள். தோட்டத்தில் பெரட்டு என்றால், விடிவதற்கு முன் ஆட்களை வரிசையில் நிறுத்திப் பேர் கூப்பிடுவது. ஆபீஸ் கணக்கரான கிராணி கூப்பிடுவார், ஆள் குரல் கொடுப்பார், செக்ரோல் புத்தகத்தில் ஒரு கோடு விழும். அதற்குப் பிறகுதான் அன்றைய வேலை. ராக்காயியின் பெரட்டிலோ வரிசையில் நிற்க ஆளே கிடையாது. கட்டிலில் முருகையா என்கிற ஒருவன் ஒருக்களித்துக் கிடந்தான். பேர் கூப்பிடப்பட்டவை எல்லாம் அவனுடைய எலும்புகள்.

பெரியசாமி அவனுடைய வால் எலும்பு. காத்தானும் வீரனும் குதிகால்கள். இடுப்புக்கு இருவர், உட்காருகிற எலும்புக்கு இருவர், முழங்காலுக்கு இருவர், கணுக்காலுக்கு இருவர் என்று மொத்தம் பதினோரு பேர். பேர் வைத்தவள் ராக்காயி. முருகையாவுக்கு இடுப்புக்குக் கீழே நெருப்பை வைத்தாலும் தெரியாது. தெரியாத இடத்தில் எலும்பு மெத்தையில் அழுந்தி, தோல் செத்துப் புண் விழுந்தால், அந்தப் புண்ணே ஆளைக் கொண்டுபோய்விடும். “இவனுங்க வாயில்லாத பயலுங்க தம்பி. வலிச்சாலும் சொல்லமாட்டானுங்க. நாமதான் கூப்பிட்டுப் பாக்கணும்” என்பது அவளுடைய வைத்திய சாஸ்திரம். இருபத்திரண்டு வருஷம் புல்வெட்டுக் கும்பலில் பெரட்டுக்கு நின்றவள் அவள். தானும் ஒருநாள் நாலு பேரைப் பேர் சொல்லிக் கூப்பிட வேண்டும் என்ற ஆசை யாருக்குத்தான் இருக்காது?

ராக்காயிக்கு நாற்பத்தெட்டு வயது. உயரம் கம்மி, அகலம் தாராளம். திகாம் பத்து என்கிற ஊரின் சாலையிலிருந்து மூன்று கல் உள்ளே இருக்கிற இந்த ஆஸ்பத்திரிக்கு அவள் ஆயாவாக வந்தது தனிக் கதை. மலேரியாவில் சுருண்டு விழுந்த பெரிய கிராணியை, உரம் தள்ளுகிற வண்டியில் போட்டுத் தனியாளாகத் தள்ளிக்கொண்டு வந்து வாசலில் நிறுத்தி, “ஐயா, எங்க கொட்டட்டும்?” என்று கேட்டாள். ஆஸ்பத்திரியை நடத்துகிற கம்பவுண்டரான டிரஸ்ஸர் அன்றைக்கே அவளுக்கு வெள்ளைச் சேலை கொடுத்துவிட்டார்.

வாயில் எப்போதும் வெற்றிலை. வார்டுக்குள் துப்பக்கூடாது என்று டிரஸ்ஸர் உத்தரவு. அதனால் ஒரு தாம்பூலம் முடிகிற வரைக்கும் அவள் வாயைத் திறப்பதில்லை. புருவத்தாலேயே வார்டை நடத்துவாள். ஒரு புருவம் உயர்ந்தால் ‘புரண்டு படு’, இரண்டும் உயர்ந்தால் ‘கஞ்சியைக் குடி’. புருவம் நெற்றியோடு போய் ஒட்டிக்கொண்டால், பீடி குடித்தவன் யார் என்று தெரிந்துவிட்டது என்று அர்த்தம். சுவர்க் கடிகாரத்தை அவள் நம்புவதில்லை. அதற்குச் சாவி கொடுப்பவர் டிரஸ்ஸர். அவரே பல நாள் தாமதமாக வருகிறவர். அவளுக்கு நேரம் சொல்வது பால் எடுக்கிற மணி, பள்ளிக்கூட மணி, சுங்கை பட்டாணியிலிருந்து குரூணுக்குப் போகிற பஸ்ஸின் ஹாரன். இந்தச் சத்தங்களை வைத்து இரண்டு மணிக்கொருதரம் முருகையாவைப் புரட்டிப் போடுவாள். ஒருநாளும் பிசகியதில்லை.

அவளுடைய மூக்கு இன்னொரு சமாச்சாரம். முருகையாவின் சிறுநீர் தானாக இறங்காது. டிரஸ்ஸர் ரப்பர் குழாயைக் கொதிக்க வைத்து, கையை மூன்று தரம் கழுவிக்கொண்டு வந்து இறக்குவார். ஜாடியை வெளியே கொண்டுபோகும்போது ராக்காயி ஒருமுறை முகர்ந்து பார்ப்பாள். “தண்ணி சரியில்ல ஐயா. நாளைக்குக் காய்ச்சல் வரும்.” மறுநாள் காய்ச்சல் வரும். இரண்டு தரம் இப்படி ஆன பிறகு, டிரஸ்ஸர் தெர்மாமீட்டரை எடுப்பதற்கு முன்னால் அவள் முகத்தைப் பார்க்க ஆரம்பித்தார்.

முருகையா தோட்டத்துத் தென்னை மரங்களில் ஏறுகிறவன். பதினான்கு வருஷம் ஏறி இறங்கியவன், துரை பங்களா மரத்தில் ஒருநாள் ஏறினான், இறங்கவில்லை, விழுந்தான். பட்டணத்து ஆஸ்பத்திரியில் ஆறு வாரம் கிடந்து முதுகெலும்பு கூடியது. கால்கள் மட்டும் திரும்பி வரவில்லை. வேலைக்கு லாயக்கில்லாதவனைக் கப்பலேற்றி நாகப்பட்டினம் அனுப்பிவிடலாம் என்று தோட்டத்து ஆபீஸ் முடிவு செய்தது. முருகையா பிறந்ததே இங்கேதான். நாகப்பட்டினத்தில் அவனுக்குத் தெரிந்தவர் என்று ஒரு காக்கை குருவி கிடையாது.

மாதம் ஒருதரம் வருகிற வெள்ளைக்கார டாக்டர்தான் குறுக்கே நின்றார். “கப்பல் பலகையில் எட்டு நாள் கிடந்தால் இவன் உயிரோடு கரை சேரமாட்டான்” என்று துரையிடம் சொல்லித் தொண்ணூறு நாள் தவணை வாங்கினார். அதற்குள் இரண்டு காரியம் ஆக வேண்டும். உடம்பில் ஒரு புண்கூட இருக்கக்கூடாது. யாரும் தொடாமல் முருகையா தானே கட்டிலிலிருந்து நாற்காலிக்கு மாற வேண்டும். இரண்டும் நடந்தால், தொழிலாளர் வீடுகள் இருக்கிற லயத்தில் குடும்பத்தோடு இருந்துகொண்டு பால்வெட்டுக் கத்திகளுக்குச் சாணை பிடிக்கிற வேலையைப் பார்க்கலாம் என்று எழுதிக் கொடுப்பார். நடக்காவிட்டால் கப்பல்.

ஆக, ஒரு முதுகெலும்புக்கு ஒரு பட்டாளமே வேலை செய்தது. குழாயும் மருந்தும் டிரஸ்ஸர் பொறுப்பு. திகாம் பத்துச் சைக்கிள் கடை ஜலீல் பாய், ஒரு பிரம்பு நாற்காலிக்கு இரண்டு சைக்கிள் சக்கரம் மாட்டி, லாரி டியூபைக் காற்றடைத்து மெத்தையாக்கிக் கொண்டுவந்தார். “பெல்லு வைக்கட்டுமா?” என்று ஆசையோடு கேட்டார்; ராக்காயியின் புருவம் வேண்டாம் என்றது. யான் ஊர்ப் பக்கத்து ரைஸ் மில்லிலிருந்து உமி வந்தது. அதில் பதினோரு தலையணை தைத்தாள். பால்வாளி இரண்டில் மணலை நிரப்பி, அதைக் காலையும் மாலையும் ஐம்பது தரம் தூக்கச் சொன்னாள். மரமேறியின் கை, சீக்கிரமே பழைய முறுக்குக்கு வந்துவிட்டது.

மனசு வரத்தான் நாளாயிற்று. முதல் வாரம் முழுக்க அவன் சுவரைப் பார்த்துக் கிடந்தான். கஞ்சி வேண்டாம், பேச்சு வேண்டாம். “என்னைய விட்டுருங்கக்கா, போய்ச் சேர்றேன்” என்பதற்கு மேல் ஒரு வார்த்தை இல்லை. ராக்காயி கேட்டதாகக் காட்டிக்கொள்ளாமல் தினமும் பெரட்டு எடுத்தாள். அவளே கூப்பிட்டு அவளே குரலும் கொடுத்துக்கொண்டாள். எட்டாம் நாள் சுவர்ப் பக்கமிருந்து சத்தம் வந்தது: “பத்துப் பேரத்தான் கூப்பிட்டீங்க. ஒருத்தன விட்டுட்டீங்க.”

“எவனடா விட்டேன்?”

“எடது முழங்கால.”

அன்றைக்கு அவள் கிணற்றடிக்குப் போய் முகத்தைக் கழுவிக்கொண்டு வர வெகுநேரமாயிற்று. கண் சிவந்திருப்பது ஏன் என்று கேட்ட டிரஸ்ஸரிடம், சோப்பு என்றாள். விட்டுப்போனது தெரியாமல் நடந்ததா, வேண்டுமென்றே செய்ததா என்று இன்றுவரைக்கும் அவள் சொல்லவில்லை.

மறுநாளிலிருந்து கணக்கு எழுதுகிற வேலை முருகையாவுக்கு. நாலாம் வகுப்பு வரை படித்தவன். ஆபீஸில் மிச்சமாகக் கிடந்த பழைய செக்ரோல் புத்தகம் ஒன்றை ராக்காயி கேட்டு வாங்கி வந்தாள். செக்ரோல் என்றால் அதற்கென்று கட்டங்கள் உண்டு: பேர், தகப்பன் பேர், வந்தானா, குறிப்பு. கட்டம் காலியாக இருந்தால் கிராணி கத்துவார் என்பது அவளுடைய இருபத்திரண்டு வருஷத்து அனுபவம். “தகப்பன் பேரு போடு” என்றாள். பதினோரு பேருக்கும் தகப்பன் பேர் முருகையா என்று எழுதினான். எழுதும்போது சிரித்தான். விழுந்த பிறகு அவன் சிரித்தது அதுதான் முதல்.

இந்த விளையாட்டை மனைவி செல்லாயியிடம் சொல்ல மட்டும் அவனுக்கு வெட்கம். செல்லாயி காலையில் பால்வெட்டுக்குப் போய்விட்டு மாலையில் வருவாள். புரட்டிப் போடவும் எண்ணெய் தடவவும் பழகிக்கொள்வாள். அழுக்குத் துணியை மூட்டை கட்டிக்கொண்டு லயத்துக்குத் திரும்புவாள். எண்பத்தொன்பதாம் நாள் மாலை அந்த மூட்டைக்குள் செக்ரோல் புத்தகமும் சேர்ந்து போய்விட்டது.

அவசரகாலச் சட்டம் வந்து நாலு வருஷம் ஆகியிருந்தது. லயங்களைச் சுற்றி முள்கம்பி. ஒரே ஒரு கேட். காட்டுக்குள் ஒளிந்திருக்கிற கம்யூனிஸ்ட்காரர்களுக்கு அரிசி போகிறதா என்று வெளியே போகிற ஒவ்வொருவரையும் தடவிப் பார்த்துத்தான் விடுவார்கள். கேட்டுக்குப் பொறுப்பு, தோட்டத்திலேயே வளர்ந்து தமிழ் எழுதப் படிக்கத் தெரிந்த போலீஸ் சார்ஜன் ஜைனல். கடமை என்றால் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்க்கிற மனிதர். தஞ்சோங் டாவாயிலிருந்து வந்த கருவாட்டுக் கூடையை வெயிலில் கொட்டி ஒவ்வொரு மீனாக எண்ணியவர். தொண்ணூறாம் நாள் காலை, துவைத்த துணியோடு வந்த செல்லாயியின் மூட்டையில் அவருக்கு அந்தப் புத்தகம் கிடைத்தது.

பதினோரு ஆண்கள். எல்லாரும் முருகையா மகன்கள். ஒருவருக்கும் அடையாளக் கார்டு நம்பர் இல்லை. குறிப்புக் கட்டத்தைப் படிக்கப் படிக்கச் சார்ஜனின் மீசை துடித்தது. ‘காத்தான்: எண்ணெய் கொடுத்தது.’ ‘பெரியசாமி: இரண்டு மணி நேரம் காற்றாட வெளியே விட்டது.’ ‘வீரன்: நாற்காலிப் பலகையில் அடிபட்டான். தலையணை கொடுத்துத் தனியே வைத்தது.’

“ஒனக்கு எத்தன புள்ளைங்க?” என்று செல்லாயியைக் கேட்டார்.

“ஒரே பொண்ணுதாங்க.”

“அப்ப இந்தப் பதினோரு ஆம்பளைங்க? தகப்பன் ஒம் புருசன்தானே?”

செல்லாயிக்குச் சட்டமும் தெரியவில்லை, காடும் தெரியவில்லை. ஒன்றே ஒன்றுதான் தெரிந்தது. “பதினொண்ணா?” என்று தலையில் கை வைத்துக்கொண்டாள். “யாருங்க அவ?”

ஆஸ்பத்திரி வாசலில் லாரி வந்து நின்றபோது ராக்காயி வாயில் தாம்பூலம் பாதியில் இருந்தது. சார்ஜனும் நாலு காவல்காரர்களும் துப்பாக்கியோடு உள்ளே வந்தார்கள். பின்னால் அழுதுகொண்டே செல்லாயி. “ஒளிச்சு வச்சிருக்கிற ஆளுங்க எங்க?” என்று சார்ஜன் அதட்டினார். வார்டுக்குள் துப்பக்கூடாதே! அவள் வாயைப் பொத்திக்கொண்டு வெளியே ஓடினாள். ஓடுகிறாள் என்று இரண்டு பேர் துரத்திக்கொண்டு ஓடி, செம்பருத்திச் செடியோரம் அவள் துப்பி முடிக்கிற வரைக்கும் துப்பாக்கியோடு காத்து நின்றார்கள். சத்தம் கேட்டு வந்த டிரஸ்ஸர், கொதிக்கிற குழாயை இடுக்கியால் பிடித்தபடியே இரண்டு கையையும் உயரே தூக்கினார்.

அவளை உள்ளே கூட்டி வந்ததும் சார்ஜன் விசாரணையைத் தொடங்கினார். “அக்கா, பதினோரு பேரு. தினம் சோறு எங்கேர்ந்து போவுது?”

“சோறா? அவனுங்க சோறெல்லாம் திங்கமாட்டானுங்க தம்பி. எண்ணெதான்.”

சார்ஜன் அதை எழுதிக்கொண்டார். “இப்ப எங்க இருக்கானுங்க?”

“இங்கதான். போர்வைக்குள்ள.”

நாலு துப்பாக்கியும் போர்வையைப் பார்த்துத் திரும்பின. முருகையா கையைத் தூக்கினான். செல்லாயி மட்டும் அஞ்சவில்லை, கட்டிலருகே போய், “அந்த மூதேவி எந்த லயத்துல இருக்கா, சொல்லு!” என்று புருஷனை உலுக்கினாள். அவன் சொன்ன விளக்கம் அவள் அழுகையில் முங்கிப்போயிற்று. எலும்புக்கு யாராவது பேர் வைப்பார்களா, வைத்தாலும் தகப்பன் பேர் எழுதுவார்களா என்று சார்ஜன் கேட்ட கேள்வியில் நியாயம் இல்லாமல் இல்லை. “பொய்! ஸ்டேசன்ல வந்து சொல்லுங்க. இவனயும் இந்த ஆயாவயும் லாரியில ஏத்து!” என்று கத்தினார்.

அப்போதுதான் ராக்காயி வாசலில் நின்ற லாரியைத் திரும்பிப் பார்த்தாள். ஜெயிலுக்கு அவள் பயப்படவில்லை. அவள் கண்ணில் பட்டது லாரியின் வெறும் பலகை. செம்மண் சாலை, குழிக்குக் குழி ஆட்டம், ஸ்டேஷன் பெஞ்சில் எத்தனை மணி நேரமோ. பெரியசாமி தாங்கமாட்டான். இன்று சாயந்திரம் டாக்டர் வரும்போது அங்கே புண் இருக்கும். தொண்ணூறு நாளும் மண்ணாகும். ஓடிப்போய்க் கட்டிலுக்குக் குறுக்கே கையை விரித்து நின்றாள்.

“என்னைய கட்டி இழுத்துக்கிட்டுப் போங்க தம்பி. சுடணும்னா சுடுங்க. இந்த மனுசன அந்தப் பலகையில போடாதீங்க. பஞ்சு பஞ்சா வச்சுக் காப்பாத்தியிருக்கேன். கையெடுத்துக் கும்பிடுறேன்.”

அவள் அழுததை வார்டு அதுவரை பார்த்ததில்லை. ஒரு காவல்காரன் துப்பாக்கியைக் கீழே இறக்கினான். சார்ஜன் மட்டும் கடமையை நினைத்து இன்னொருமுறை, “ஏத்து!” என்றார். அந்த நேரம் பார்த்து டாக்டரின் கார் வாசலில் வந்து நின்றது. சாயந்திரம் வர வேண்டியவர். சாலையில் ஊரடங்கு முன்கூட்டியே வரலாம் என்று கேள்விப்பட்டுக் காலையிலேயே கிளம்பிவிட்டாராம்.

டாக்டருக்குத் தோட்டத்துத் தமிழ் நன்றாகவே வரும். இரண்டு தரப்பையும் கேட்டார், புத்தகத்தையும் புரட்டினார். பிறகு சார்ஜனிடம் கொடுத்து, “நீங்க புடிங்க. அம்மா கூப்பிடட்டும். ஆள் சரியான்னு ரெண்டு பேரும் பாப்போம்” என்றார்.

ராக்காயி முந்தானையில் மூக்கைத் துடைத்துக்கொண்டு போர்வையை விலக்கினாள்.

“பெரியசாமி!”

“இருக்கான்க்கா” என்றான் முருகையா. டாக்டர் குனிந்து பார்த்து, விரலால் அழுத்தி, தலையாட்டினார். சார்ஜனும் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு குனிந்து பார்த்துவிட்டு ஒரு கோடு போட்டார். எதையும் அரைகுறையாகச் செய்கிற பழக்கம் அவருக்கு இல்லை. நாலாவது ஆளைத் தாண்டும்போது அவரே பேர் கூப்பிட ஆரம்பித்துவிட்டார். எட்டாவதில், “இவன் கொஞ்சம் காஞ்சு போயிருக்கான், எண்ண போடலியா?” என்று ராக்காயியைக் கண்டித்தார். செல்லாயி வாயில் முந்தானையை வைத்துக்கொண்டு சிரிப்பதா அழுவதா என்று தெரியாமல் நின்றாள். பிறகு முருகையாவின் தோளில் ஒரு கிள்ளு கிள்ளினாள். அந்த இடம் அவனுக்குத் தெரியும், “ஐயோ” என்றான்.

பதினோராவது ஆளாக வீரனை மட்டும் டாக்டர் தனியாக வைத்தார். “முதல்ல நாற்காலிக்குப் போகட்டும்.”

ஜலீல் பாயின் நாற்காலியைக் கட்டிலோடு ஒட்டி வைத்தார்கள். முருகையா ஒரு கையைக் கட்டில் விளிம்பிலும் இன்னொரு கையை நாற்காலியிலும் ஊன்றி உடம்பைத் தூக்கினான். இடுப்பு மேலே வந்தது. சக்கரம் அரை சாண் நகர்ந்தது. உடம்பு இரண்டுக்கும் நடுவே தொங்கியது. சார்ஜன் தன்னையறியாமல் கையை நீட்டினார்.

“தொடாதீங்க தம்பி! தொட்டா கப்பல்!” என்று ராக்காயி அலறினாள். சொன்னவள் தன் இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கொண்டுபோய், ஒன்றை ஒன்று நெரித்துப் பிடித்துக்கொண்டு நின்றாள். முருகையாவின் தோள்பட்டை நரம்பு புடைத்தது. தென்னை மரத்தில் மட்டையைப் பிடித்துத் தொங்கிய கை அது. ஒரு மூச்சு வாங்கி, நாற்காலியைத் தன் பக்கம் இழுத்து, ஒரே எம்பில் லாரி டியூபின்மேல் போய் உட்கார்ந்தான். டியூப் புஸ்ஸென்றது. வார்டு முழுக்க ஓவென்று சத்தம் போட்டது; அதில் சார்ஜனின் குரலும் இருந்தது.

டாக்டர் கிட்டே வந்தார். நாற்காலி முன்னால் தரையில் குந்தி உட்கார்ந்து, வீரனைக் கையில் எடுத்து வெளிச்சத்தில் பார்த்தார். கன்னிய இடத்தைக் கட்டை விரலால் அழுத்தினார். வெளுத்தது. விரலை எடுத்துக் காத்திருந்தார். மெல்ல மெல்ல அங்கே பழைய நிறம் திரும்பி வந்தது.

“ரத்தம் ஓடுது. புண் இல்ல” என்றார் டாக்டர். “கப்பல் வேணாம். லயத்துக்குப் போகலாம். நான் இப்பவே எழுதித் தர்றேன்.”

முருகையா இரண்டு கையாலும் முகத்தைப் பொத்திக்கொண்டான். செல்லாயி அவன் தலையைக் கட்டிக்கொண்டாள். சார்ஜன் பதினோராவது கோட்டை அழுத்திப் போட்டுவிட்டு, ஜன்னல் வழியாக வெளியே பார்த்துக்கொண்டு நின்றார்.

டாக்டர் குந்தியபடியே ராக்காயியை நிமிர்ந்து பார்த்தார். சிரித்துக்கொண்டே வலது கையை நீட்டினார். வெள்ளைக்காரர்கள் மரியாதைக்குக் கை குலுக்குவார்கள் என்று அவளுக்கு யாரும் சொன்னதில்லை. அவளிடம் இதுவரை கை நீட்டியவர்கள் எல்லாரும் எழுந்திருக்க முடியாதவர்கள். அவள் சேலையை இடுப்பில் செருகிக்கொண்டு குனிந்தாள். அவருடைய இரண்டு அக்குளிலும் கை கொடுத்து, முழங்காலுக்கு முழங்கால் முட்டுக் கொடுத்து, “ஒண்ணு, ரெண்டு” என்று சொல்லி ஆறடி மனிதரை ஒரே தூக்காகத் தூக்கி நிறுத்தினாள். நிறுத்திய பிறகும் பிடியை விடவில்லை.

“நின்னுக்குவீங்களா தொரை?” என்று கேட்டு, அவர் தலையசைத்த பிறகுதான் கையை எடுத்தாள்.